2020 சைக்கிள் திருட்டு வழக்கு: இளைஞர் நீதிக் குழுமம் தம்பியை இன்னும் அழைப்பது சரியா?

வழக்கை முடித்துவைக்கக் கோரி, 18 வயதுக்குட்பட்டவர்கள்மீதான வழக்குகளை விசாரிக்கும் அந்தக் குழுமத்திடமே உடனே மனுக் கொடுங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 14(4) உங்கள் தம்பிக்குக் கைகொடுக்கும். சிறு குற்றமென்றால் (அதிகபட்சத் தண்டனை மூன்றாண்டுச் சிறை வரை உள்ளவை), முதலில் ஆஜர்படுத்திய நாளிலிருந்து நான்கு மாதம், நீட்டித்தால் மேலும் இரண்டு மாதம்; அதற்குள் விசாரணை முடியாவிட்டால் நடவடிக்கையே முடிந்துவிடும்.

கொரோனா காலத்தில் அமர்வு நின்று தேங்கிய கோப்பாக இருக்கலாம். யாராவது கேட்கும்வரை வாய்தாமேல் வாய்தாதான். ஒரு பிள்ளையின் படிப்பையும் வேலையையும் இப்படி இழுத்தடிப்பது அநியாயம். ஓராண்டுக்கு மேல் கிடந்த இத்தகைய வழக்குகளை முடிக்குமாறு டெல்லி உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது; அதையும் மனுவில் சுட்டிக்காட்டுங்கள்.

அதற்குமுன் முதல் தகவல் அறிக்கையைப் பாருங்கள். இந்திய தண்டனைச் சட்டம் (இ.த.ச.) பிரிவு 379 (திருட்டு) மட்டும் என்றால் சிறு குற்றம். 380 (வீட்டுக்குள் திருட்டு) இருந்தால் இந்த வழி கிடையாது. அப்படிப்பட்ட வழக்கில் தலைமைக் குற்றவியல் நடுவர் மேலும் கால நீட்டிப்புத் தரலாம்.

உத்தரவு கைக்கு வரும்வரை ஒரு வாய்தாவையும் தவறவிடாதீர்கள்.