அரிசியும் வைக்கோலும் ஒரே குளுக்கோஸ் என்கிறார்களே, நமக்கு வைக்கோல் ஏன் செரிப்பதில்லை?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு. ஆரணிப் பக்கம் நெல் அறுத்தால் அரிசி நம் வீட்டுக்கும் வைக்கோல் மாட்டுக்கும் போகிறது. இரண்டும் குளுக்கோஸ்தான் என்று பாடத்தில் இருக்க, வைக்கோல் மட்டும் ஏன் நமக்கு ஆகவில்லை என்பது ஒன்று. வீட்டில் கஞ்சியில் அயோடின் விட்டும் நீலம் வரவில்லையே என்பது இன்னொன்று. குளுக்கோஸ்கள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்தால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும்.

குளுக்கோஸில் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். அது வளையமாக மடங்கும்போது முதல் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் (OH) கீழ்நோக்கி இருந்தால் ஆல்ஃபா, மேல்நோக்கி இருந்தால் பீட்டா. ஒன்றின் முதல் கார்பனும் அடுத்ததன் நான்காம் கார்பனும் ஒரு நீர் மூலக்கூறை விட்டுவிட்டு இணைகின்றன. ஆல்ஃபாவாக இணைந்தால் சங்கிலி வளைந்து வளைந்து சுருளாகும், அது அரிசியில் உள்ள மாவுச்சத்தான ஸ்டார்ச். பீட்டாவாக இணைந்தால் ஒன்றுவிட்டு ஒன்று புரண்டு உட்கார, சங்கிலி நேராக நீண்டுவிடும், அது வைக்கோலில் உள்ள செல்லுலோஸ். நேரான சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் கற்றையாக இறுகிவிடுவதால் உள்ளே தண்ணீர்கூடப் புக முடியாது. நம் எச்சிலிலும் கணையநீரிலும் உள்ள அமைலேஸ் என்ற நொதி ஆல்ஃபா பிணைப்பை மட்டுமே வெட்டும். பீட்டாவை வெட்டும் செல்லுலேஸ் நம் உடலில் சுரப்பதே இல்லை.

இனி அயோடின். ஸ்டார்ச்சின் கிளையில்லாத பகுதியான அமைலோஸ் 6 குளுக்கோஸுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் சுருள்கிறது. அந்தச் சுருளுக்குள் அயோடின் வரிசையாகப் போய் உட்காரும்போதுதான் கருநீலம் வருகிறது. வடித்த கஞ்சி சூடாக இருக்கும்போதே சொட்டு விட்டிருப்பீர்கள். பெரும்பாலும் இதுதான் காரணம். சூட்டில் சுருள் தளர்ந்து அயோடின் வெளியேறிவிடும். அதே டம்ளரை ஆற விடுங்கள், நீலம் தானாகத் திரும்பி வரும். எலுமிச்சை பிழிந்திருந்தாலும் வராது, ஏனெனில் அதிலுள்ள வைட்டமின் சி அயோடினை அயோடைடாக மாற்றி நிறத்தை அழித்துவிடும். ஆறிய கஞ்சி ஒரு ஸ்பூன், அதோடு 10 ஸ்பூன் தண்ணீர், டிங்சர் அயோடின் ஒரே ஒரு சொட்டு போதும். கஞ்சி கெட்டியாக இருந்தால் எல்லாம் கறுப்பாகிவிடும், நீலம் கண்ணுக்குத் தெரியாது.

செல்லுலோஸைப் பார்க்க மருந்துக்கடைப் பஞ்சில் ஒரு சொட்டு விடுங்கள். பழுப்பு மஞ்சளாகவே நிற்கும். பஞ்சுக்குப் பதில் புது குடியாத்தம் லுங்கியின் ஓரத்தில் விட்டால் நீலம் வந்து குழப்பலாம். நெய்வதற்கு முன் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி அது, நூல் அல்ல. வெந்நீரில் நன்றாக அலசிவிட்டுப் பாருங்கள்.

இதே குளுக்கோஸ் நம் கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சங்கிலியாக இருக்கிறது. ஸ்டார்ச்சின் கிளைப்பகுதியான அமைலோபெக்டினில் சுமார் 24 முதல் 30 குளுக்கோஸுக்கு ஒரு கிளை என்றால், கிளைகோஜனில் 8 முதல் 12-க்கு ஒன்று. நொதி நுனியிலிருந்துதான் அறுக்கும். நுனிகள் அதிகமானால் ஓடும்போது குளுக்கோஸ் வேகமாகக் கிடைக்கும். தனித்தனி குளுக்கோஸாகவே செல்லில் குவித்தால் சவ்வூடு பரவலில் தண்ணீர் உள்ளே வந்து செல் வீங்கிவிடும். சேமிப்பது எப்போதும் சங்கிலியாகவே இருப்பதற்கு இதுதான் காரணம்.

மாட்டுக்கு மட்டும் வைக்கோல் எப்படிச் செரிக்கிறது? மாடும் செல்லுலேஸ் சுரப்பதில்லை. அதன் பெரு வயிற்றில் இருக்கும் பாக்டீரியா முதலான நுண்ணுயிர்கள் அதைச் செய்கின்றன. பலரும் இங்கே தவறாக எழுதுவதால் அழுத்திச் சொல்கிறேன்: மாட்டுக்குக் கிடைப்பது குளுக்கோஸ் அல்ல. குளுக்கோஸை நுண்ணுயிர்களே தின்றுவிட்டு அசிட்டிக், புரோபியானிக், பியூட்டிரிக் அமிலங்களை வெளியிடுகின்றன. மாட்டின் ரத்தத்தில் சேர்வது அவைதான். தனக்கு வேண்டிய குளுக்கோஸை மாடு பெரும்பாலும் புரோபியானிக் அமிலத்திலிருந்து கல்லீரலில் செய்துகொள்கிறது.

ஆனால் நெல் வைக்கோலில் செல்லுலோஸைச் சுற்றி லிக்னின் என்ற கடினப் பொருள் ஒட்டியிருக்கும், சிலிக்காவும் அதிகம், புரதம் மிகக் குறைவு. பாக்டீரியாவுக்கே அது கடினம். அதனால்தான் யூரியா ஊட்டமேற்றுவது. 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் 21 நாள் மூடி வைக்க வேண்டும். உள்ளே உருவாகும் அம்மோனியா லிக்னின் பிணைப்புகளைத் தளர்த்துகிறது; நுண்ணுயிர்களுக்குத் தேவையான நைட்ரஜனும் சேர்கிறது. பிரித்ததும் கண் எரியும் அளவு நெடி அடிக்கும்; வேண்டியதை மட்டும் எடுத்து, நெடி போகும்வரை பரப்பி ஆற விட்ட பிறகே போட வேண்டும். யூரியா கட்டியாக ஓரிடத்தில் தங்கிவிட்டால் மாட்டுக்கு விஷம். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கொடுக்கவே கூடாது, பெரு வயிறு இன்னும் வளர்ந்திருக்காது.