வாசகர் கேள்வி–பதில்: அந்த வாக்குத்தத்தம் யாருக்குக் கொடுக்கப்பட்டது?

கேள்வி: ஐயா, திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் நான்கு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறோம். சென்ற ஆண்டு புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் (அந்த ஆண்டுக்குத் தேவன் தரும் வாக்காக ஒரு வேதவசனம் அச்சிட்ட அட்டை) உபாகமம் 28:12 இருந்தது. ஏற்ற காலத்தில் மழை பெய்யும், கையிட்டுச் செய்யும் வேலையெல்லாம் ஆசீர்வதிக்கப்படும் என்ற அந்த வசனத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம். ஆறு வாரம்கூட ஆகவில்லை. சம்பா அறுப்புக்கு நின்ற நேரத்தில் மழை கொட்டி, கதிர் சாய்ந்து, நெல் வயலிலேயே முளைத்துவிட்டது. ஜெபக்குழுவில் ஒரு சகோதரர், "உங்கள் வீட்டில் மறைந்த பாவம் ஏதோ இருக்கிறது" என்றார். பொய்த்தது வாக்குத்தத்தமா, எங்கள் விசுவாசமா?

பதில்: சகோதரி, இரண்டும் பொய்க்கவில்லை. அந்தச் சகோதரர் சொன்னதை முதலில் மனதிலிருந்து இறக்கி வையுங்கள். சீலோவாமிலே கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடப் பாவிகளென்று நினைக்கிறீர்களோ என்று கேட்ட ஆண்டவர், அல்லவென்று தாமே பதிலும் சொன்னார் (லூக்கா 13). 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினக் கடற்கரையில் கடல் கொண்டுபோனவர்களைப் பற்றியும், 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னந்தோப்பை இழந்தவர்களைப் பற்றியும் இதே பேச்சு பேசப்பட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். துக்கத்தில் இருப்பவர்மேல் வேதத்தைக் கல்லாக எறிவது வேதத்தை அறியாமையிலிருந்து வருகிறது.

இனி அந்த வசனத்துக்கு வருவோம். யோர்தானைக் கடக்கும் முன்பு மோவாபின் சமவெளியில் இஸ்ரவேல் ஜனங்கள் நின்றபோது, சீனாய் மலையில் தேவன் அவர்களோடு பண்ணிய உடன்படிக்கையை மோசே அவர்களுக்கு மறுபடியும் விளக்கிச் சொன்ன பேச்சின் ஒரு பகுதிதான் உபாகமம் 28. அது ஒரு தேசத்தோடு, அந்தத் தேசம் குடியேறப்போகிற நிலத்தைக் குறித்து, "செவிகொடுத்தால்" என்ற நிபந்தனையோடு செய்யப்பட்டது. அதே புத்தகத்தின் 11-ஆம் அதிகாரத்தில், எகிப்தில் நீங்கள் கீரைத்தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதுபோலப் பாய்ச்சினீர்கள், இனிப் போகிற கானான் தேசமோ வானத்தின் மழைத் தண்ணீரைக் குடிக்கிற தேசம் என்று மோசே சொல்லுகிறார். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்குமா என்று வானொலியையும் தொலைக்காட்சியையும் பார்த்துக் காத்திருக்கிற நம்முடைய வயல், இந்த ஒப்பீட்டில் கானானைவிட எகிப்துக்கே நெருக்கமானது. நைல் நதியை நம்பி இருக்கப் பழகிய ஜனம், நைலைப்போன்ற ஆறில்லாத மலைநாட்டில் வானத்தைப் பார்த்துத் தேவனை நம்பக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மழையைக் குறித்த அந்த வாக்கு அந்தப் பாடத்தின் உள்ளே வைத்துக் கொடுக்கப்பட்டது.

அந்த அதிகாரத்தை முழுவதுமாக வாசித்துப் பாருங்கள். ஆசீர்வாதம் 14 வசனங்கள், சாபம் 54 வசனங்கள். முதற்பகுதியில் ஒரு வசனத்தை மட்டும் வெட்டி எடுத்து அட்டையில் அச்சிடுகிறவர்கள் மீதியை அச்சிடுவதில்லை. ஆனால் உடன்படிக்கையில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள ஒருவருக்கும் உரிமையில்லை. ஆசீர்வாதம் எனக்கென்றால் சாபமும் எனக்குத்தான். அப்படியானால் உங்கள் ஜெபக்குழுச் சகோதரர் சொன்னதும் சரியாகிவிடும். அந்த இடத்தில்தான் கலாத்தியர் 3:13 நம்மைக் காப்பாற்றுகிறது. கிறிஸ்து நமக்காகச் சாபமாகி, நியாயப்பிரமாணத்தின் (மோசே மூலம் கொடுக்கப்பட்ட சட்டத்தின்) சாபத்திலிருந்து நம்மை மீட்டுக்கொண்டார் என்று பவுல் எழுதுகிறார். நீங்கள் நிற்பது அந்த 68 வசனங்களின் கீழே அல்ல, அவற்றை நிறைவேற்றி முடித்தவருக்குள்ளே.

அப்படியானால் பயிர் செய்கிறவர்களுக்கு வேதத்தில் எந்த உடன்படிக்கையும் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, வாக்குத்தத்த அட்டைகளில் அதை நான் பார்த்ததே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். வெள்ளம் வற்றிய பின்பு, பூமியுள்ள நாளளவும் விதைப்பும் அறுப்பும், கோடைகாலமும் மாரிகாலமும் ஒழிவதில்லை என்று தேவன் சொன்னார் (ஆதியாகமம் 8:22). அதைத் தொடர்ந்து 9-ஆம் அதிகாரத்தில் அவர் பண்ணுகிற உடன்படிக்கை நோவாவோடும் அவனுடைய சந்ததியோடும் மட்டுமல்ல, பேழையிலிருந்து புறப்பட்ட சகல ஜீவஜந்துக்களோடும் பண்ணப்பட்டது. வானவில் அதன் அடையாளம். அதில் மனிதனுக்கு நிபந்தனை விதிக்கப்படவில்லை. உங்கள் பக்கத்து வயல்காரர் எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாலும் அவருடைய நாற்றும் இந்த உடன்படிக்கையின் கீழ்தான் பச்சை பிடிக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஆண்டில் ஒரு குறிப்பிட்ட வயல் நனையாது என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் இந்த ஆண்டு முளைத்துப்போன நெல்லுக்குப் பின்னும் ஒரு விதைப்பு உண்டு என்று அது சொல்லுகிறது. அடுத்த பட்டத்துக்கு விதைநெல் தேடிக்கொண்டிருக்கும் உங்களுக்கு, சுவரில் மாட்ட ஒரு வசனம் வேண்டுமென்றால் ஆதியாகமம் 8:22-ஐ எழுதி மாட்டுங்கள். வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று ஆபகூக் சொன்ன ஜெபத்தை இன்று உங்களால் சொல்ல முடியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் புத்தகம் "எதுவரைக்கும்?" என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது, நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: உடன்படிக்கை என்பதும் ஒப்பந்தம் என்பதும் ஒன்றுதானே? நாம் நம் பங்கைச் செய்தால் தேவன் தம் பங்கைச் செய்வார் என்றுதான் நான் ஞாயிறு பள்ளியில் கற்பித்து வருகிறேன். (மயிலாடுதுறை வாசகர்)

பதில்: அப்படிக் கற்பிப்பதைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்ளுகிறேன். உங்கள் ஊரிலிருந்து கிழக்கே போனால் தரங்கம்பாடி. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரும் டேனிஷ்காரர்களும் செய்துகொண்ட உடன்படிக்கையினால்தான் அங்கே கோட்டை எழுந்தது. இரண்டு தரப்புக்கும் அதில் லாபம் இருந்தது, இரண்டு தரப்புக்கும் கடமை இருந்தது. லாபம் குறைந்தபோது, 1845-இல், டேனிஷ்காரர்கள் அந்த ஊரை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நம்முடைய குத்தகைச் சீட்டும் இதே வகைதான். நெல் அளக்காவிட்டால் நிலம் கைமாறும்.

ஆதியாகமம் 15-இல் நடப்பது வேறு. ஒரு கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் ஆபிராம் நடுவாகத் துண்டித்து எதிரெதிராக வைக்கிறான். அக்காலத்து வழக்கத்தில், உடன்படிக்கை பண்ணுகிறவர்கள் அந்தத் துண்டங்களின் நடுவே கடந்துபோவார்கள். வாக்கை மீறினால் இந்த மிருகத்துக்கு நேர்ந்தது எனக்கும் நேரட்டும் என்பது அதன் பொருள். எரேமியா 34-ஆம் அதிகாரத்தில் இந்த வழக்கம் வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது. உடன்படிக்கை பண்ணுதலைக் குறிக்க எபிரெய மொழி "வெட்டுதல்" என்ற வினையைப் பயன்படுத்துவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சூரியன் அஸ்தமிக்கும் நேரத்தில் ஆபிராமுக்கு அயர்ந்த நித்திரை வருகிறது. புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் தோன்ற, துண்டங்களின் நடுவே அக்கினி கடந்துபோகிறது. ஆபிராம் கடந்துபோகவில்லை. முறித்தால் வரும் தண்டனையைத் தேவன் தம்மேல் மட்டும் ஏற்றுக்கொண்டு அந்த இரவில் வாக்குக் கொடுத்தார். அதற்கு 430 வருஷத்துக்குப் பின்பு வந்த நியாயப்பிரமாணம் இந்த வாக்கைத் தள்ளிப்போடாது என்று கலாத்தியர் 3:17-இல் பவுல் வாதாடுவதற்கு ஆதாரம் இதுவே.

தாவீது தேவனுக்கு ஆலயம் கட்டித் தருகிறேன் என்றபோதும் இப்படியே நடந்தது. நான் உனக்கு வீட்டை உண்டுபண்ணுவேன் என்று கர்த்தர் பேச்சைத் திருப்பினார் (2 சாமுவேல் 7). எரேமியா 31-இல் புது உடன்படிக்கையைக் குறித்துப் பேசும்போதும் "நான் எழுதுவேன், நான் மன்னிப்பேன்" என்று வினையெல்லாம் தேவனுடைய பக்கத்திலேயே நிற்கிறது. நம் கீழ்ப்படிதலுக்கு அங்கே இடமில்லை என்று நான் சொல்லவில்லை. அது வாக்குக்குக் கொடுக்கும் விலையல்ல, வாக்கைப் பெற்றவனுடைய நடை என்றே சொல்லுகிறேன். குழந்தைகளுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே புரியும். பரீட்சையில் தேறினால்தான் நீ என் பிள்ளை என்று எந்த அப்பாவும் சொல்லுவதில்லை அல்லவா?

கேள்வி: வேதத்தின் உள்ளே "உடன்படிக்கை" என்று இருக்க, அட்டையில் மட்டும் "பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு" என்று இருப்பது ஏன்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு முகங்கள். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் உள்ள "தியாதேகே" என்ற சொல் உடன்படிக்கையையும் குறிக்கும், ஒருவர் இறப்பதற்கு முன் எழுதி வைக்கும் உயிலையும் குறிக்கும். எபிரெயர் 9:16-இல் இந்த இரண்டாம் பொருளைக் காட்டவே நம் மொழிபெயர்ப்பு "மரணசாசனம்" என்கிறது. உயில் எழுதினவர் மரித்த பின்புதான் சொத்து வாரிசின் கைக்கு வரும். கல்வாரியில் கிறிஸ்து சிலுவையில் மரித்ததை அப்படியும் பார்க்கலாம் என்று அந்த நிருபம் சொல்லுகிறது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழில் மொழிபெயர்த்து 1715-இல் அச்சிட்டு முடித்தது புதிய ஏற்பாடுதான் என்பதையும், இந்திய மொழி ஒன்றில் அது முதன்முதலாக அச்சேறியது நம் டெல்டாக் கரையில்தான் என்பதையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கேள்வி: நான் கும்பகோணத்தில் கல்லூரி மாணவி. திடப்படுத்தல் (விசுவாசத்தைச் சபைக்கு முன் நானே அறிக்கையிடும் ஆராதனை) பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பாடகர் குழுவிலும் இருக்கிறேன். ஆனால் வீட்டில் அம்மாவிடம் எரிந்து விழுகிறேன். ஆவிக்குரிய முதிர்ச்சி எனக்கு எப்போது வரும்? வந்தால் எப்படித் தெரியும்?

பதில்: மகளே, கேள்வியில் பாடகர் குழுவுக்குப் பிறகு அம்மாவைக் கொண்டுவந்து வைத்தீர்கள் பாருங்கள், அது நல்ல அறிகுறி. முதிர்ச்சியை ஆராதனை மேடையில் தேடாமல் வீட்டுச் சமையலறையில் தேட வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

எபிரெயர் 5-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை மெதுவாக வாசியுங்கள். பாலுண்கிறவன் குழந்தை, பலமான ஆகாரம் பூரண வயதுள்ளவர்களுக்கு என்று சொல்லிவிட்டு, அந்தப் பூரண வயதுள்ளவர் யார் என்பதையும் அது சொல்லுகிறது. நன்மை தீமை இன்னதென்று பகுத்தறியும்படி, முயற்சியினால் பயின்ற ஞானேந்திரியங்களை உடையவர். அந்நிய பாஷை பேசுகிறவர் என்றோ, எத்தனை வசனம் மனப்பாடமாகத் தெரியும் என்றோ அங்கே அளவு வைக்கப்படவில்லை. பயிற்சி என்பது தவறிய இடத்துக்கே திரும்பத் திரும்பப் போவது. மாலை வீடு திரும்பியதும் பசியிலும் களைப்பிலும் அம்மா கேட்கும் முதல் கேள்விக்கு நீங்கள் எப்படிப் பதில் சொல்லுகிறீர்கள் என்பது இன்றைய உங்கள் பயிற்சிக்களம்.

காலத்தைப் பொறுத்தவரை, மாற்கு 4:28-இல் ஆண்டவர் முன்பு முளை, பின்பு கதிர், கதிரிலே நிறைந்த தானியம் என்று வரிசைப்படுத்தியதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நாற்றங்காலில் இருக்கும் பயிரைப் பார்த்து ஏன் இன்னும் கதிர் தள்ளவில்லை என்று யாரும் கோபிப்பதில்லை. குறுவைக்கு ஒரு காலம், சம்பாவுக்கு அதைவிட நீண்ட காலம். உங்களோடு திடப்படுத்தல் பெற்ற தோழி உங்களுக்கு முன்னே போய்விட்டதாகத் தோன்றினால் அதை நினைத்துக்கொள்ளுங்கள். நெல்லுக்கும் பால் பிடிக்கும் பருவம் என்று ஒன்று உண்டு. எந்த மணியும் அதைத் தாண்டிக் குதித்து அரிசியானதில்லை. ஆனால் அந்தப் பருவத்திலேயே நின்றுவிட்டால் அறுக்கும்போது கையில் வருவது பதர். எபிரெயருக்கு எழுதினவருடைய கவலையும் இதுவே. அவர் பாலைப் பழிக்கவில்லை, காலம் போயும் பாலிலேயே நிற்பதற்காகத்தான் துக்கப்படுகிறார்.

மேலே உடன்படிக்கைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கும் உங்கள் கேள்விக்கும் ஒரு தொடர்பு உண்டு. சுதந்தரவாளியான பிள்ளை சிறுவயதில் காரியக்காரருக்குக் கீழே அடிமையைப்போல இருக்கிறான், காலம் நிறைவேறினபோதோ அப்பா பிதாவே என்று கூப்பிடும் புத்திரனாகிறான் என்று கலாத்தியர் 4 சொல்லுகிறது. நியாயப்பிரமாணத்தைப் பவுல் "உபாத்தி" என்று அழைப்பதும் இதனால்தான். உபாத்தியாயரின் பிரம்புக்குப் பயந்து செய்வது ஒரு வயது. அப்பாவின் மனதை அறிந்து, கேட்காமலே செய்வது ஒரு வயது. அம்மாவிடம் கோபப்பட்ட இரவில், தேவன் நாளைக்குப் பரீட்சையில் கைவிட்டுவிடுவாரோ என்ற பயத்தில் நீங்கள் ஜெபித்தால் இன்னும் உபாத்தியாயரிடம்தான் இருக்கிறீர்கள். அம்மாவின் முகம் வாடியதே என்று மனம் வலித்து ஜெபித்தால், இருதயத்தில் எழுதுவேன் என்று எரேமியா மூலம் சொன்னவர் எழுதத் தொடங்கிவிட்டார். பவுல்கூடத் தன் சிறைவாச நிருபம் ஒன்றில், நான் முற்றும் தேறினவன் என்று எண்ணவில்லை என்றுதான் எழுதினார் (பிலிப்பியர் 3:12). ஆகையால் முதிர்ச்சி வந்துவிட்டதா என்று தினமும் உங்களையே சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தால் அது வாடித்தான் போகும். இந்தப் பதிலை வாசித்து முடித்ததும் ஜெபத்துக்கு முன்பாக ஒரு வேலை இருக்கிறது. அம்மாவிடம் போய், நேற்று பேசியது தவறு என்று சொல்லிவிட்டு வாருங்கள்.