ஆறு எண்ணும் பொருந்தியது, ஆனால் முதல் பரிசு இல்லை: ஏன்?

கேள்வி: நாங்கள் பந்தலூர் வட்டம், எருமாடு பக்கம் இருக்கிறோம். வீட்டுக்காரர் மிளகு விற்க சுல்தான் பத்தேரி போகும்போதெல்லாம் கேரள லாட்டரி எடுப்பார். இப்போது தினம் ஒன்று என்றாகிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன் வாட்ஸ்அப்பில் வந்த முடிவில் ஒரு கோடி ரூபாய் முதல் பரிசுக்கான ஆறு எண்ணும் அவர் டிக்கெட்டில் அப்படியே இருந்தன. அன்று இரவே தெரிந்தவரிடம் இருபதாயிரம் கைமாற்று வாங்கி ஊருக்கே கறிச்சோறு போட்டார். மறுநாள் கடையில், "இது சமாஸ்வாச சம்மானம்தான்" (ஆறுதல் பரிசுதான்) என்று சொல்லிவிட்டார்கள். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்கிறார் இவர். கோர்ட்டுக்குப் போனால் முதல் பரிசு கிடைக்குமா? தினம் ஒரு டிக்கெட் எடுப்பதால் என்றைக்காவது பலன் உண்டா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கடைக்காரர் சொன்னது சரியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவர் வாய்ச்சொல்லையும் நம்ப வேண்டாம், வாட்ஸ்அப்பையும் நம்ப வேண்டாம். டிக்கெட்டைக் கையில் எடுங்கள். எண்ணுக்கு முன்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதுதான் சீரிஸ். அந்த எழுத்துகள், ஆறு எண்கள், லாட்டரியின் பெயர், குலுக்கல் தேதி ஆகிய நான்கையும் கேரள அரசு லாட்டரித் துறை வெளியிட்ட முடிவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இறுதியாகச் செல்லுபடியாவது கேரள அரசிதழில் வரும் பட்டியல். பத்திரிகையில்கூட அச்சுப்பிழை வரலாம்.

இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்று விளங்கிக்கொண்டால் வீட்டுக்காரரின் சந்தேகமும் தீரும். அன்றாடக் குலுக்கலுக்கு 12 சீரிஸ் உண்டு. ஒவ்வொரு சீரிஸிலும் 100000 முதல் 999999 வரை 9 லட்சம் எண்கள். முழுமையாக அச்சிட்டால் மொத்தம் 1 கோடியே 8 லட்சம் டிக்கெட்டுகள். அதாவது 482615 என்று ஓர் எண் இருந்தால் அதே எண்ணோடு 12 பேர் கையில் டிக்கெட் இருக்கும். எழுத்தும் எண்ணும் சேர்ந்து பொருந்துகிற ஒருவருக்குத்தான் முதல் பரிசு. மற்ற 11 பேருக்கும் ஆறுதல் பரிசாகச் சில ஆயிரம் ரூபாய் மட்டும். ஆக ஒவ்வொரு நாளும் கோடீஸ்வரர் ஆகிறவர் ஒருவர் என்றால், ஆறு எண்ணைப் பார்த்துவிட்டு ஆகிவிட்டோம் என்று நம்பக்கூடியவர்கள் 11 பேர். உங்கள் வீட்டுக்காரர் முட்டாள்தனம் எதுவும் செய்யவில்லை. பார்வேர்டு செய்திகளில் சீரிஸ் எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் போடுவார்கள். வினையே அங்கேதான்.

கீழ்ப்பரிசுகளில் வேறு மாதிரி தவறு நடக்கும். அவை கடைசி நான்கு எண்ணை வைத்துத் தரப்படுபவை, சீரிஸ் பார்ப்பதில்லை. ஒரு நான்கெண் குலுக்கலில் விழுந்தால் சீரிஸுக்கு 90 வீதம் 12 சீரிஸிலும் 1,080 டிக்கெட்டுகளுக்குப் பரிசு உண்டு. இங்கே பலர் ஆறு எண்ணும் பொருந்த வேண்டும் என்று நினைத்து, பரிசு விழுந்த டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது அவசரமானது. குலுக்கல் நாளிலிருந்து 30 நாளுக்குள் டிக்கெட்டை ஒப்படைக்க வேண்டும். உங்களுக்கு மூன்று வாரம் போய்விட்டது. கோபத்தில் டிக்கெட்டைப் பெட்டியில் பூட்டி வைத்தால் ஆறுதல் பரிசும் போய்விடும். டிக்கெட்டின் பின்பக்கம் பரிசுப் பட்டியல் அச்சாகியிருக்கும், ஆறுதல் பரிசின் தொகையும் அதில் உண்டு. ரூ.5,000 வரையிலான பரிசை எந்த லாட்டரிக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் மாவட்ட லாட்டரி அலுவலகம். உங்களுக்குப் பக்கம் கல்பெட்டா. ஒரு லட்சத்தைத் தாண்டினால் திருவனந்தபுரத்தில் உள்ள இயக்குநரகத்துக்கு நேரிலோ வங்கி மூலமோ கொடுக்க வேண்டும்.

எந்தப் பரிசானாலும் முதல் வேலை, டிக்கெட்டின் பின்னால் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போடுவது. கையெழுத்து இல்லாத டிக்கெட் யார் கையில் இருக்கிறதோ அவருடையதாகிவிடும். பிறகு இரண்டு பக்கமும் நகல் எடுங்கள். கூடலூர், பந்தலூர் மழைக்காலத்தில் சட்டைப்பையில் வைத்த டிக்கெட் ஒரு நாளில் கூழாகிவிடும்; பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். லேமினேட் மட்டும் செய்யாதீர்கள். அச்சின் பாதுகாப்புக் குறிகளைச் சோதிக்க முடியாமல் போகும், கையெழுத்தும் போட முடியாது. பெரிய பரிசுக்கு விண்ணப்பம், சான்றொப்பமிட்ட நகல்கள், பாஸ்போர்ட் அளவு படம், ஆதார், பான் அட்டை, வங்கிப் பாஸ்புக், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது எல்லாம் வேண்டும். நாம் வேறு மாநிலத்தவர் என்பதால் நோட்டரி சான்றும், கேரளத்துக்கு எதற்காக வந்தோம், எங்கே வாங்கினோம் என்று விளக்கும் கடிதமும் கேட்பார்கள்.

கோர்ட் விஷயம். பரிசு என்பது டிக்கெட்டில் அச்சான விதிப்படி உருவாகிற உரிமை. வாட்ஸ்அப் செய்தியோ, கடையில் யாரோ கைகுலுக்கியதோ, ஊர் நம்பியதோ உரிமை ஆகாது. சீரிஸ் பொருந்தவில்லை என்றால் வழக்குக்கு அடிப்படையே இல்லை, வக்கீல் கட்டணம்தான் மிஞ்சும். லாட்டரி நடத்துபவரே தவறு செய்தபோதுகூட நிலைமை இதுதான். 2025 ஜூனில் நார்வே அரசின் நார்ஸ்க் டிப்பிங் நிறுவனம் பரிசுத் தொகையை யூரோ சென்ட்டிலிருந்து நார்வே பணத்துக்கு மாற்றும்போது 100-ஆல் வகுப்பதற்குப் பதில் பெருக்கிவிட்டது. ஆயிரக்கணக்கானோருக்குப் பெருந்தொகை விழுந்ததாகச் செய்தி போனது. நிறுவனத் தலைவர் பதவி விலகினார், ஆனால் காட்டிய தொகையை யாருக்கும் தரவில்லை. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 2017 கிறிஸ்துமஸ் அன்று கணினிக் கோளாறால் இரண்டு மணி நேரம் வெற்றி டிக்கெட்டுகளாக அச்சாயின. கடைசியில் டிக்கெட் விலையைத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். 1992-இல் பிலிப்பைன்ஸில் பெப்சி மூடிகளில் 349 என்ற பரிசு எண் லட்சக்கணக்கில் அச்சாகிக் கலவரமே வந்தது. அங்கும் நீதிமன்றம் மூடி வைத்திருந்தவர்கள் பக்கம் நிற்கவில்லை.

கைமாற்று வாங்கிய இருபதாயிரம்தான் இதில் உண்மையான காயம். வட்டி ஏறுவதற்கு முன் ஆறுதல் பரிசை வாங்கி அதில் போடுங்கள். பரிசு வங்கிக் கணக்கில் ஏறும் வரை அதை நம்பி ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கக் கூடாது என்று வீட்டில் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். இன்னொன்று: பெரிய பரிசு விழுந்த சேதி பரவினால், "வரி இல்லாமல் ரொக்கமாகத் தருகிறோம், டிக்கெட்டைக் கொடு" என்று ஆள் வரும். அது கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கும் வழி. அதில் கை வைத்தால் வருமான வரித்துறைக்கும் காவல்துறைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

இனி இரண்டாவது கேள்வி. தினம் ரூ.50 டிக்கெட் ஒன்று என்றால் ஆண்டுக்கு ரூ.18,250. நாற்பது ஆண்டு விடாமல் எடுத்தால் 14,600 டிக்கெட்டுகள், செலவு ரூ.7,30,000. இத்தனைக்குப் பிறகும் முதல் பரிசு விழும் வாய்ப்பு ஏறத்தாழ 740-இல் ஒன்று. உங்களைப் போல் 740 குடும்பங்கள் நாற்பது ஆண்டு காசு போட்டால், சராசரியாக அதில் ஒரு குடும்பத்துக்கு விழும்.

விழுந்தாலும் கோடி முழுதாகக் கைக்கு வராது. டிக்கெட் விற்ற ஏஜென்ட்டுக்குப் பரிசிலிருந்து போகும் கமிஷன் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மீதி 90 லட்சம். அதில் 30 சதவீத வரி 27 லட்சம் அங்கேயே பிடிக்கப்படும். வருமானம் 50 லட்சத்தைத் தாண்டுவதால் வரியின் மேல் 10 சதவீத சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி, அதன் மேல் 4 சதவீத செஸ், இவற்றைக் கணக்குத் தாக்கல் செய்யும்போது நீங்களே கட்ட வேண்டும். கடைசியில் நிற்பது சுமார் 59 லட்சம். வேறு வருமானமே இல்லாதவருக்கும் லாட்டரிப் பணத்துக்கு அடிப்படை வரிவிலக்கு கிடையாது. விழாத டிக்கெட்டுகளுக்குச் செலவழித்ததையும் கழிக்க முடியாது.

ஒரு குலுக்கலின் 1 கோடியே 8 லட்சம் டிக்கெட்டையும் ஒருவரே வாங்கினால் ரூ.54 கோடி ஆகும். 2025 செப்டம்பர் 22 முதல் லாட்டரிக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். விலைக்குள்ளேயே அடங்கும் அந்த வரி மட்டும் சுமார் 15.4 கோடி. அதற்கும் ஏஜென்ட் கமிஷனுக்கும் அச்சுச் செலவுக்கும் அரசின் பங்குக்கும் போக மிச்சம்தான் பரிசு. எல்லா டிக்கெட்டையும் வாங்கியவரே நஷ்டப்படும் ஆட்டத்தில் ஒரு டிக்கெட் வாங்குகிறவருக்கு லாபம் எங்கிருந்து வரும்? கடைசி நான்கெண் ஒன்றாக உள்ள டிக்கெட்டுகளைச் 'செட்'டாக எடுக்கச் சொல்வார்கள். விழுந்தால் எல்லாம் விழும், இல்லாவிட்டால் எல்லாம் போகும். சராசரி நஷ்டம் மாறாது.

பத்தேரியில் வாங்கிய டிக்கெட்டுக்கு 2024 திருவோணம் பம்பர் என்ற ஓணச் சிறப்புக் குலுக்கலில் 25 கோடி விழுந்தது, கர்நாடகக்காரர் ஒருவருக்கு. அது உண்மை, அதனால்தான் நம் பக்கத்தில் ஆசை இவ்வளவு தூண்டப்படுகிறது. அதே கடைத்தெருவில் வாங்கி வீணான டிக்கெட்டுகளைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை.

சட்டம் தெளிவானது. கேரளத்துக்குள் போய் வாங்குவது குற்றமில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்குத் தடை. தாளூர், பாட்டவயல், நாடுகாணி என எல்லைக்கு இந்தப் பக்கம் யாராவது கூடுதல் விலைக்கு டிக்கெட் தந்தால் வாங்காதீர்கள். எங்கே வாங்கினோம் என்ற கேள்விக்கு உண்மையான பதில் எழுத முடியாமல் பரிசே சிக்கலாகும். துண்டுச்சீட்டில் எழுதித் தரும் மூணு நம்பர் லாட்டரி அதைவிடக் கெடுதல். அதன் பின்னால் அரசு இல்லை, எண் விழுந்தால் ஆளே இருக்க மாட்டார். போனில் லிங்க் அனுப்பி "கேரளா லாட்டரி ஆன்லைன்" என்பதும் மோசடி. கேரள அரசு காகித டிக்கெட் மட்டுமே விற்கிறது. பரிசைத் தர எந்த அரசு அலுவலகமும் முன்பணம் கேட்காது.

ஆசையை ஒரே நாளில் விட முடியாது என்று வீட்டுக்காரர் சொன்னால், பத்தேரி போகிற நாளில் மாதம் ஒன்று என்று குறைத்துக்கொள்ளட்டும். மாதம் மிஞ்சும் ஏறத்தாழ ரூ.1,500-ஐ அஞ்சலகத்தில் ஆர்.டி. (மாதத் தொடர் வைப்பு) போடுங்கள். 6.7 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டில் கட்டிய 90,000 ரூபாய்க்கு ரூ.1,07,000 கிடைக்கும். கணக்கை உங்கள் பெயரில் திறந்து, மிளகு விற்ற பணம் வீட்டுக்கு வருகிற வாரத்திலேயே கட்டிவிடுங்கள்.