பை-ஹோல் 6: டேஷ்போர்டு ஏன் திணறுகிறது?

கேள்வி: வீட்டு நெட்வொர்க்கில் விளம்பரங்களைத் தடுக்க ராஸ்பெரி பை 3 என்ற சின்னக் கம்ப்யூட்டரில் பை-ஹோல் மென்பொருள் ஓடுகிறது. 5-ஆம் பதிப்பிலிருந்து 6-க்கு மாற்றியபின் இணையம் பழைய வேகத்தில்தான் இருக்கிறது. ஆனால் டேஷ்போர்டைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எந்தச் சாதனம் எந்த டொமைனைக் கேட்டது என்று காட்டும் குவெரி லாக் வர அரை நிமிடம் ஆகிறது. பிளாக் லிஸ்ட்களைக் குறைத்தும் பலனில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யட்டுமா?

பதில்: அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். இணையம் வேகமாக இருக்கிறது என்பதே பாதி விடை. டொமைன் பெயருக்கு ஐபி எண்ணை விடையாகச் சொல்லும் வேலை, அதாவது டிஎன்எஸ், நன்றாக நடக்கிறது. பக்கத்தைக் காட்டும் வேலைதான் எங்கோ மாட்டிக்கொள்கிறது. பிளாக் லிஸ்ட்களின் நீளத்துக்கும் டேஷ்போர்டின் வேகத்துக்கும் பெரிய தொடர்பில்லை. எடுத்தவற்றைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள்.

2025 பிப்ரவரியில் வந்த 6-ஆம் பதிப்பில் உள்ளமைப்பே மாறிவிட்டது. முன்பு லைட்டிபிடி என்ற வெப் சர்வரும் பிஎச்பி-யும் சேர்ந்து பக்கத்தைத் தயாரித்தன. இப்போது இரண்டும் இல்லை. எஃப்டிஎல் என்ற ஒரே புரோகிராம் டிஎன்எஸ், வெப் சர்வர், மற்ற புரோகிராம்கள் பை-ஹோலோடு பேசும் வழியான ஏபிஐ மூன்றையும் பார்த்துக்கொள்கிறது. அமைப்புகள் எல்லாம் டாம்ல் என்ற வடிவில் எழுதிய ஒரே டெக்ஸ்ட் ஃபைலுக்கு வந்துவிட்டன.

முதலில் தாமதம் எங்கே என்று பிரித்துப் பாருங்கள். பை-ஹோல் என்ற பெயரை அடிக்காமல் அந்த மெஷினின் ஐபி எண்ணை அடித்து, பின்னால் ஒரு சாய்கோடும் அட்மின் என்பதும் சேர்த்துத் திறங்கள். உடனே திறந்தால் கோளாறு மெஷினில் இல்லை. பிரவுசர் தனக்கென்று பாதுகாப்பான டிஎன்எஸ் ஒன்றை வைத்துக்கொண்டு பை-ஹோலைக் கேட்காமல் விட்டிருக்கலாம். அல்லது பழைய ஐபிவி6 முகவரிக்குப் போய்க் காத்திருந்துவிட்டு ஐபிவி4-க்குத் திரும்பலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தி பழைய கேஷைத் தாண்டி ஒருமுறை ஏற்றிப் பார்ப்பதும் நல்லது. பழைய பதிப்பின் ஸ்கிரிப்ட்கள் பிரவுசரில் தங்கியிருப்பதுண்டு.

ஐபி எண்ணிலும் அதே தாமதம் என்றால் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேபைத் திறந்துகொண்டு பக்கத்தை ஏற்றுங்கள். எந்த வரி நீளமாக நிற்கிறது என்று கண்ணிலேயே தெரியும். அந்த வரியில் காத்திருப்பு நேரம் அதிகம் என்றால் மெஷின் திணறுகிறது; இறங்கும் நேரம் அதிகம் என்றால் வைஃபையைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்து மெஷினுக்குள் போய் டாப் கட்டளையை ஓடவிட்டு, மேலே டபிள்யூஏ என்று வரும் எண்ணைக் கவனியுங்கள். சிபியு வேலையில்லாமல் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் சதவீதம் அது. பக்கத்தைத் திறக்கும் நேரத்தில் அது 30, 40 என்று ஏறினால் மெமரி கார்டுதான் முட்டுக்கட்டை. உங்கள் விஷயத்தில் இதற்கே வாய்ப்பு அதிகம் என்பேன். காரணம் குவெரி லாக்.

கடந்த 24 மணி நேரக் கணக்கு ரேமில் இருக்கிறது. அதற்கு முந்தையது எட்சி டைரக்டரிக்குள் பைஹோல் ஃபோல்டரில், எஃப்டிஎல் பெயர்கொண்ட டேட்டாபேஸ் ஃபைலில் இருக்கிறது. 5-ஆம் பதிப்பு 365 நாள் வரலாற்றைச் சேர்த்துவைக்கும்; 6-இல் அதை 91 ஆக்கிவிட்டார்கள். ஆனால் பழைய அமைப்பு ஃபைலில் 365 என்று எழுதியிருந்தால் அது அப்படியே புதியதற்கும் வந்துவிடும். ஒரு ஜிபி-யைத் தாண்டிய டேட்டாபேஸை மெமரி கார்டில் வைத்துக்கொண்டு, குவெரி லாக்கில் டிஸ்க்கில் உள்ளதையும் தேடு என்ற பெட்டியை டிக் செய்தால் அரை நிமிடம் ஆவதில் ஆச்சரியமில்லை. முதலில் அந்த டிக்கை எடுத்துப் பாருங்கள்.

பிறகு செட்டிங்ஸில் பேசிக் என்றிருப்பதை எக்ஸ்பர்ட் ஆக்கி, ஆல் செட்டிங்ஸில் டேட்டாபேஸ் பகுதிக்குப் போய் நாள் எண்ணிக்கையை 30 ஆக்குங்கள். வீட்டுக்கு அது தாராளம். ஒன்றை நினைவில் வையுங்கள்: நாளைக் குறைத்ததும் ஃபைல் சுருங்காது. இந்த ஃபைலைக் கையாளும் எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் அழித்த இடத்தை உள்ளேயே காலியாக வைத்துக்கொண்டு மறுபடி பயன்படுத்தும். சுருக்க வேண்டுமானால் அதன் வேக்யூம் கட்டளையை ஓட்ட வேண்டும். அதற்கு ஃபைலின் அளவைப் போல் இரண்டு மடங்கு வரை காலி இடம் தேவைப்படும். நிறைந்துபோன கார்டில் அது பாதியிலேயே நின்றுவிடும்.

பழைய வரலாறே வேண்டாம் என்றால் வழி சுலபம். எஃப்டிஎல் சேவையை நிறுத்துங்கள், அந்த ஃபைலுக்கு வேறு பெயர் கொடுங்கள், சேவையைத் தொடங்குங்கள். புது ஃபைல் தானே உருவாகும். நிறுத்தியிருக்கும் நேரத்தில் வீட்டில் யாருக்கும் இணையம் வராது என்பதால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சேவை ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஃபைலைத் தொடவே கூடாது, டேட்டாபேஸ் சிதைந்துபோகும். அதன் பக்கத்திலேயே இருக்கும் கிராவிட்டி டேட்டாபேஸ் வேறு. உங்கள் லிஸ்ட்கள் அதில்தான் இருக்கின்றன, அதை விட்டுவிடுங்கள்.

பவர் அடாப்டரையும் பாருங்கள். பை 3-க்கு 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் வேண்டும். பழைய போன் சார்ஜரில் ஓடினால் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போகும்போது மெஷின் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சிஸ்டம் லாக்கில் அண்டர்-வோல்டேஜ் என்ற வரி இருந்தால் மற்ற எதையும் நோண்டும் முன் அடாப்டரை மாற்றுங்கள்.

கேள்வி: அப்டேட்டுக்குப் பிறகு டேஷ்போர்டில் மொத்த குவெரி எண்ணிக்கை பல மடங்கு ஏறிவிட்டது. சிபியு-வும் எப்போதும் சூடாக இருக்கிறது.

பதில்: குவெரி லாக்கைத் திறந்து வகை என்ற பத்தியைப் பாருங்கள். ஐபி எண்ணுக்குப் பெயர் கேட்கும் பிடிஆர் வகைக் குவெரி வரிசை வரிசையாக, ஐபி எண் தலைகீழாக எழுதப்பட்டு, எல்லாமே ரவுட்டரின் பெயரில் வந்திருந்தால் அது சுழற்சி. பை-ஹோல் வீட்டுச் சாதனத்தின் பெயரை ரவுட்டரிடம் கேட்கிறது. ரவுட்டருக்குத் தெரியவில்லை, தன் மேல்நிலை டிஎன்எஸ்ஸைக் கேட்கிறது. அந்த மேல்நிலை டிஎன்எஸ் பை-ஹோலேதான். 60 விநாடியில் 1000 குவெரியைத் தாண்டும் சாதனத்தை பை-ஹோல் தானாகவே தடுக்கும். அந்த எச்சரிக்கை டயக்னோசிஸ் பக்கத்தில் ரவுட்டரின் ஐபி-யோடு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தீர்வு: ரவுட்டரின் வான் பகுதியில், அதாவது வெளி இணையத்துக்கான அமைப்பில், பை-ஹோலின் ஐபி இருக்கக் கூடாது. அங்கே வெளி டிஎன்எஸ்ஸைக் கொடுங்கள். வீட்டு நெட்வொர்க்குக்கான லேன் பகுதியில், சாதனங்களுக்கு ஐபி எண் கொடுக்கும் டிஎச்சிபி வழியாகப் போகும் டிஎன்எஸ் மட்டும் பை-ஹோலாக இருக்கட்டும். ரவுட்டர் இதற்கு இடம் தராவிட்டால் பை-ஹோலில் கண்டிஷனல் ஃபார்வர்டிங்கை, அதாவது வீட்டுச் சாதனப் பெயர்களை ரவுட்டரிடம் கேட்கும் அமைப்பை, நிறுத்திவிடுங்கள். சாதனப் பெயர்களுக்குப் பதில் எண்கள் தெரியும், அவ்வளவே.

கேள்வி: லாகின் செய்யப் போனால் ஏபிஐ சீட் நிரம்பிவிட்டது என்று வருகிறது. வீட்டில் நான் ஒருவன்தான் பார்க்கிறேன்.

பதில்: நீங்கள் ஒருவர்தான், ஆனால் ஏதோ ஒரு ஸ்கிரிப்டோ ஹோம் ஆட்டோமேஷனோ உங்களுக்குப் பின்னால் நுழைந்துகொண்டிருக்கிறது. ஒரு லாகின் பிடிக்கும் இடம்தான் சீட் அல்லது செஷன்; ஒரே நேரத்தில் 16 செஷன்தான் அனுமதி. ஒரு செஷன் சும்மா இருந்தால் காலாவதியாக 1800 விநாடி, அதாவது அரை மணி. நிமிடத்துக்கு ஒருமுறை லாகின் செய்து லாக் அவுட் செய்யாமல் போகும் ஸ்கிரிப்ட் 16 நிமிடத்தில் எல்லா இடத்தையும் பிடித்துவிடும். டேஷ்போர்டு மெதுவாவதற்கும் இது காரணமாகலாம். பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் கணக்கு, திருடர்கள் ஊகித்துப் பிடிக்காதிருக்க வேண்டுமென்றே கனமாக வைக்கப்பட்டது. சிறிய மெஷினில் ஒவ்வொரு லாகினும் சிபியு-வைப் பிடித்து இழுக்கும். ஸ்கிரிப்ட் ஒருமுறை பெற்ற செஷன் எண்ணையே திரும்பப் பயன்படுத்தட்டும், முடிந்ததும் அதை நீக்கட்டும். அதற்கென்று தனி ஆப் பாஸ்வேர்டு உருவாக்கும் வசதி வெப் இன்டர்ஃபேஸ் செட்டிங்ஸில் இருக்கிறது. 16-ஐ உயர்த்தி வைப்பது பிரச்சினையைத் தள்ளிப்போடும் வேலை.

கேள்வி: பழைய முகவரியில் வேறு ஏதோ வெற்றுப் பக்கம் வருகிறது.

பதில்: லைட்டிபிடி இன்னும் ஓடுகிறது. 80-ஆம் போர்ட்டை அது பிடித்துக்கொண்டால் பை-ஹோல் 8080-க்குப் போய்விடும். முகவரியில் ஐபி எண்ணுக்குப் பின் முக்காற்புள்ளியும் 8080-உம் சேர்த்துப் பாருங்கள். வேறு எந்தத் தளத்துக்கும் லைட்டிபிடி தேவையில்லை என்றால் அதை நிறுத்தி முடக்கிவிட்டு, வெப்சர்வர் போர்ட்டை 80-க்கு மாற்றுங்கள்.

கேள்வி: 5-க்கே திரும்பிவிடலாமா?

பதில்: கூடாது. பழைய அமைப்பு ஃபைல்களின் நகல் மைக்ரேஷன் பேக்கப் என்ற ஃபோல்டரில் இருக்கிறது, ஆனால் மாற்றப்பட்ட டேட்டாபேஸைப் பழைய பதிப்பு சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது. அதைவிட அமைப்புகளை நகலெடுக்கும் டெலிபோர்ட்டர் வசதியில் ஒரு நகல் எடுத்து, புது கார்டில் 6-ஐ நேராக நிறுவி, நகலை ஏற்றுங்கள். 5-இல் எடுத்த டெலிபோர்ட்டர் நகலையும் 6 ஏற்றுக்கொள்ளும். அமைப்புகளும் லிஸ்ட்களும் வந்துவிடும். குவெரி வரலாறு டெலிபோர்ட்டரில் வராது.