மீன் மரபியல் படிக்க மகளை மும்பைக்கு அனுப்பலாமா?

வணக்கம் அம்மா. தூத்துக்குடியில் பி.எஃப்.எஸ்சி. (மீன்வள இளநிலைப் பட்டம்) முடித்த உங்கள் மகள், மும்பை மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தில் மீன் மரபியல் பிரிவில் எம்.எஃப்.எஸ்சி. (முதுநிலைப் பட்டம்) சேர ஆசைப்படுகிறாள். "மீனுக்கு மேப் போடுற படிப்பாம், அதுக்கு யார் வேலை குடுப்பா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்புங்கள் என்பதுதான் என் பதில். ஒரு நிபந்தனை உண்டு. அதற்கு முன் அந்த மேப் என்னவென்று பார்த்துவிடுவோம்.

மரபணுக்கள் வரிசையாக இருக்கும் குரோமோசோமை ஒரு கரும்பாகவும், அந்த மரபணுக்களை அதன் கணுக்களாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். முட்டையோ விந்தோ உருவாகும்போது, ஜோடியாக இருக்கும் இரண்டு கரும்புகள் அங்கங்கே வெட்டுப்பட்டு, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்ளும். அடுத்தடுத்த கணுக்கள் பிரிவது அபூர்வம். தள்ளித் தள்ளி இருப்பவை அடிக்கடி பிரியும். ஒரே ஜோடிக்குப் பிறந்த குஞ்சுகளில் இது எத்தனை முறை நடந்தது என்று எண்ணினால் கணுக்களுக்கிடையே உள்ள தூரம் தெரிந்துவிடும். நூறில் ஒன்று பிரிந்தால் அது ஒரு சென்டிமார்கன். 1913-இல் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டிவன்ட் பழ ஈயை வைத்து முதன்முதலில் இப்படி ஒரு வரைபடம் போட்டார். மீன், இறால், சிப்பி என்றால் இன்னும் வசதி. ஒரு ஜோடியே ஆயிரக்கணக்கில் குஞ்சு தரும். மாட்டை ஆராய்கிறவருக்கு அது கிடைக்காது. மீனின் துடுப்பு நுனியைத் துளி நறுக்கி டி.என்.ஏ. எடுத்தபின் அதை உயிரோடு தொட்டியில் விட்டுவிடலாம். நம் ரோகு கெண்டைக்கே 3,000-க்கும் மேற்பட்ட அடையாளங்களுடன் (டி.என்.ஏ.-வில் மீனுக்கு மீன் மாறுபடும் இடங்கள்) 2014-இல் வரைபடம் வெளியாகிவிட்டது.

இதனால் பண்ணைக்காரருக்கு என்ன பயன்? நார்வேயிலும் ஸ்காட்லாந்திலும் சால்மன் குஞ்சுகளைக் கணையத்தைத் தாக்கும் ஐ.பி.என். என்ற வைரஸ் நோய் கொன்று குவித்தது. அதைத் தாங்கும் தன்மை மீனின் குரோமோசோம்களில் எங்கே இருக்கிறது என்று இரு நாட்டு ஆய்வாளர்களும் தனித்தனியாகத் தேடி, 2008, 2009 வாக்கில் 26-ஆம் குரோமோசோமில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். குஞ்சு பிழைப்பதும் சாவதும் பரம்பரையைப் பொறுத்த அளவில் பெரும்பாலும் அந்த ஓரிடத்திலேயே முடிவாயிற்று. அந்த இடத்தில் நோயைத் தாங்கும் மரபணு வடிவம் கொண்ட தாய் தந்தை மீன்களாகப் பார்த்துப் பொறுக்கி முட்டை விற்கத் தொடங்கினார்கள். நார்வேயில் அந்த நோய் வெகுவாகக் குறைந்தது. மருந்தும் தெளிக்கவில்லை, மரபணுவையும் மாற்றவில்லை. இந்தத் துறையை நான் மதிப்பதற்கு இது ஒன்றே போதும்.

எல்லா நோயும் இப்படி வசப்படாது என்பதையும் மகள் தெரிந்துகொண்டே போகட்டும். நம் இறால் குட்டைகளை அழித்த வெண்புள்ளி நோய்க்கு அப்படி ஒற்றை இடம் அகப்படவில்லை. சிறு சிறு பங்களிப்பு செய்யும் பல மரபணுக்களைச் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

என் நிபந்தனை அங்கேதான் வருகிறது: அவளுக்குப் புள்ளியியலும் கோடிங்கும் பிடிக்க வேண்டும். வரைபடம் மட்டும் போடத் தெரிந்தவருக்கு இன்று பெரிய மதிப்பில்லை. முழு மரபணுத்தொகுதியையே படிப்பது மலிவாகிவிட்டது. அந்தத் தரவிலிருந்து எந்தத் தாய் இறாலை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் தேடுகிறார்கள். சேரும் முன்பே ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள், லினக்ஸ் என்ற கணினி இயங்குதளம் இரண்டிலும் ஏதாவது ஓர் இலவசப் பாடத்தை ஒரு மாதம் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கசந்தால் மீன் நோயியல் எடுக்கட்டும். அதுவும் நல்ல படிப்பு.

வேலை விஷயம். வெளிநாட்டு வகையான வெனாமி இறாலை வளர்க்க இந்தியா 2009-இல் அனுமதித்தது. இன்றும் தாய் இறால்கள் பெருமளவு வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து, சென்னை நீலாங்கரையில் தனிமைக் காவலில் இருந்துவிட்டுத்தான் ஹேச்சரிகளுக்கு (குஞ்சு பொரிப்பகங்களுக்கு) போகின்றன. இந்தச் சார்பைக் குறைக்க நம் வெள்ளை இறாலை மேம்படுத்தும் திட்டத்தைச் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 25 கோடி ரூபாயில் 2023-இல் தொடங்கியது. சீர்காழியில் ராஜீவ் காந்தி மீன்வளர்ப்பு மையம் இருக்கிறது. ஆக, வேலை நம் கடற்கரையிலேயே உண்டு. ஆனால் இடங்கள் குறைவு. தொடக்கத்தில் பெரும்பாலும் திட்ட அடிப்படையிலான தற்காலிகப் பணிதான். மத்திய அறிவியல் துறைத் திட்டங்களில் தகுதித் தேர்வு தேறிய இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். நிரந்தர விஞ்ஞானி பணிக்கு முனைவர் பட்டமும் போட்டித் தேர்வும் சேர்ந்து இன்னும் சில வருடம் பிடிக்கும். அந்த வருடங்களில் வீட்டுக்கு அவள் சம்பளம் தேவைப்படுமா என்பதை நீங்களும் அவளும் உட்கார்ந்து, தொகையைத் தாளில் எழுதியே பேசிவிடுங்கள். தேவைப்படும் என்றால், எம்.எஃப்.எஸ்சி. படிக்கும்போதே தமிழ்நாடு அரசின் மீன்வள ஆய்வாளர் (இன்ஸ்பெக்டர்) பணிக்கான தேர்வுக்கும் அவள் தயாராகலாம்.

கலந்தாய்வுக்கு முன் அந்தப் பிரிவில் இப்போது படிக்கும் சீனியர் ஒருவரிடம் அவள் இரண்டு கேள்வி கேட்கட்டும்: ஆய்வுக்கான மீன் குடும்பங்களை மாணவர்களே ஹேச்சரியில் உருவாக்குகிறார்களா? தரவை அவர்களே அலசுகிறார்களா, வெளி கம்பெனிக்கு அனுப்பிவிடுகிறார்களா?