மூன்று வயதுப் பிள்ளையை ‘மூளையைத் தூண்டும்’ வகுப்பில் சேர்க்கலாமா? மூளை ஆராய்ச்சி இதைப் பற்றி என்னதான் சொல்கிறது?

கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் பதினோரு வருடமாக அங்கன்வாடி டீச்சராக இருக்கிறேன், நேராகவே சொல்கிறேன்: சேர்க்காதீர்கள்.

எங்கள் ஊருக்கும் வந்தார்கள், ‘நடுமூளையைத் திறக்கிறோம்’ என்று. கொழுந்து பறிக்கப் போகிற ஒரு அக்கா சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினார். அவருடைய மகள் கண்ணைக் கட்டிக்கொண்டு அட்டையின் நிறத்தைச் சொன்னாள், எல்லாரும் கைதட்டினோம், நானும்தான். அப்புறம் அதே அட்டையை அவள் நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்தேன், ஒன்றும் சொல்ல வரவில்லை. மூக்கோரம் துணியில் இருந்த இடுக்குதான் அத்தனை வித்தையும். நடுமூளை பிறந்ததிலிருந்தே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அது இல்லாமல் பிள்ளை கண்ணை உருட்டிக்கூடப் பார்க்க முடியாது.

சரி, உண்மையான ஆராய்ச்சிக்கு வருவோம். பேட்ரிசியா குல் என்ற அமெரிக்க ஆய்வாளரும் குழுவினரும் 2003இல் வெளியிட்டது: ஒன்பது மாதக் குழந்தைகளோடு ஒருவர் நேரில் உட்கார்ந்து, விளையாடி, பன்னிரண்டு தடவை சீன மொழியில் பேசினார், அந்தக் குழந்தைகள் சீன மொழி ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள் பேசியதை டிவியில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. நம் பிள்ளைகள் அதைவிடப் பெரியவர்கள்தான், ஆனாலும் ரைம்ஸ் போட்ட போனைக் கையில் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

போன வாரம் நாலு வயதுப் பையன் ஒருவன் வந்ததும் வராததுமாக “டீச்சர், காட்டெரும!” என்றான். வீட்டில் படுகு பேசுகிறவன், தமிழில் அதிகம் வாய் திறக்க மாட்டான். எண் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு எங்கே என்றேன், ஜன்னல் பக்கம் கையைக் காட்டினான். தனியாவா, குட்டியோடவா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, இரண்டு விரலை நீட்டி, “குட்டி... ரெண்டு” என்றான். எண் பாடமும் முடிந்தது.

எழுத்து விஷயத்திலும் ஒன்று உண்டு. கரின் ஜேம்ஸ் என்பவரின் 2012 ஆய்வில், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் எழுத்துகளைத் தாமாகவே கையால் எழுதிப் பழகிய பிறகுதான், பின்னாளில் வாசிப்புக்கு உதவுகிற மூளைப் பகுதிகள் அந்த எழுத்துகளைப் பார்த்ததும் நன்றாக வேலை செய்தன. புள்ளிக்கோட்டின் மேலேயே எழுதியதற்கும் விசைப்பலகையில் தட்டியதற்கும் அந்தப் பலன் இல்லை. அது ஆங்கில எழுத்து, ஆனாலும் படித்த அன்றே புள்ளிக்கோட்டு நோட்டை அலமாரிக்குள் வைத்துவிட்டேன். இப்போது மணல் தட்டுதான். ஒருத்தி காலை நீட்டிப் படுத்த ‘ட’ போடுகிறாள், இன்னொருவன் தலைகீழாகப் போடுகிறான்.

மாதக் கடைசியில் பெற்றோர் நோட்டைப் புரட்டிவிட்டு “ஒண்ணுமே எழுதலையே டீச்சர்” என்பார்கள். தட்டைக் காட்டலாம் என்று திரும்பினால், பிள்ளை அதற்குள் ஆட்டி அழித்திருக்கும்.