‘இனம்’ என்ற இடத்தில் எதை எழுதுவது?

கேள்வி: என் தந்தை 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலின் பின் மலையகத்து ஹற்றனிலிருந்து கிளிநொச்சிக்கு வந்தவர், தாயார் பரந்தனைச் சேர்ந்தவர். என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தந்தையின் இனம் ‘இந்தியத் தமிழர்’ என்றும் தாயின் இனம் ‘இலங்கைத் தமிழர்’ என்றும் இருக்கிறது. இப்போது மகளின் பிறப்பைப் பதிய வேண்டும். என்னுடன் வேலை செய்யும் சிங்கள நண்பரோ, “எல்லோரும் இலங்கையர்தானே, இனம் எதற்கு?” என்கிறார். நான் எதை எழுதுவது?
- வாசகர், கிளிநொச்சி

பதில்: உங்கள் நண்பரின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இலங்கையர் என்பதற்கு அவருடைய குடும்பத்திடம் எவரும் ஆதாரம் கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் தந்தையின் சமூகத்தாரிடம், அதாவது இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தோரின் வழிவந்த மலையகத் தமிழரிடம், கேட்டார்கள். தந்தை இந்நாட்டில் பிறந்தவர் என்பதை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்பதை நிறுவுமாறு 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் கோரியது. தோட்டத்து லயத்து அறையில் பிறந்து, பதிவேதுமின்றி மறைந்த பாட்டனுக்கு எந்தக் கந்தோரில் அத்தாட்சி எடுப்பது? இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இம்மக்களுள் 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மிகுதி 150,000 பேரின் கதி 1974 வரை இழுபட்டது. எஞ்சிய நாடற்றோருக்கு வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது.

இதைச் சொல்லிக் கொழும்பை மட்டும் குற்றங்கூறி வடக்குத் தமிழராகிய நாம் தப்பிவிட முடியாது. காட்டை வெட்டி வெளியாக்கி, எங்கள் வயல்களில் கூலிக்கு இறங்கி வன்னியை உருவாக்கியவர்களில் மலையகத்து மக்கள் பலர், ஆயினும் கலியாணப் பேச்சுக்கால் என்று வந்துவிட்டால், “தம்பிக்குப் பூர்வீகம் எங்கை?” என்ற கேள்வி இன்றும் தேநீருக்கு முன்னரே வந்துவிடுகிறது. (இக்கேள்வியைக் கேட்ட சபைகளில் நானும் வாய்மூடி இருந்திருக்கிறேன்.) 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதையும் இங்கே மறைக்கலாகாது. நாட்டிடம் நாம் கேட்கும் இடத்தை நம்மோடு இருப்பவருக்கு நாமே மறுத்திருக்கிறோம்.

இனத்தை அழித்தால்தான் ஒற்றுமை என்பதை நான் ஏற்பதில்லை. ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோவிலுக்குப் போய்ப் பாருங்கள்: சிலாபத்திலிருந்து வந்த சிங்களக் குடும்பமும் மன்னார்த் தமிழ்க் குடும்பமும் பக்கத்துப் பக்கத்துக் கூடாரங்களில் அடுப்பு மூட்டுகின்றன, ஒருவர் மொழி மற்றவருக்கு அரைகுறையாகத்தான் புரியும், ஆனால் உப்பும் தேங்காயும் கைமாறுகின்றன. அங்கே எவரும் தம் மொழியைக் கைவிட்டு மாதாவிடம் வருவதில்லை. 2016இல் சுதந்திர தின விழாவில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டபோது பலர் கண்கலங்கியதும், 2020இல் தமிழில் பாடுவது விடப்பட்டபோது மனம் கசந்ததும் இதனால்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மகளின் பிரசாவுரிமை அந்த ஒரு வரியில் தங்கியிருக்கவில்லை; பெற்றோர் இலங்கைப் பிரசைகளாக இருப்பதே அதற்குப் போதும். நாளை வரன் பேசுவோர் முகம் சுளிப்பார்களே என்ற கூச்சத்தால் மட்டும் உங்களைப் பற்றிய பதிவை மாற்றாதீர்கள். எதை எழுதுவது என்று முடிவு செய்யுமுன், உங்கள் தந்தை இருப்பாரானால், அவரிடம் ஒருமுறை கேளுங்கள்.